பகலில் விளையும் மின்சாரம் இரவில் யாருக்கு?

முசரவாக்கத்தில் மாலை ஏழு மணிக்குக் கரண்ட் நின்றால் அதோடு தறிச் சத்தமும் நின்று விடுகிறது. விசிறி இல்லாவிட்டால் துண்டால் வியர்வையைத் துடைத்துக் கொண்டு காலம் தள்ளலாம். விளக்கு இல்லாமல் பட்டுத் தறியில் உட்கார முடியாது. கோர்வை போடும் இடத்தில் கரையும் உடலும் கோத்துக் கொள்ளும் ஒவ்வோர் இழையையும் கண் பார்த்தாக வேண்டும். ஓர் இழை தப்பினால் சேலையில் அது தழும்பாக நின்று விடும். சேலையை வாங்கிக் கொள்ளும் முதலாளி அந்தத் தழும்பில் விரலை வைத்துக் கூலியைப் பிடிப்பார். காஞ்சிபுரம் வட்டாரத்தில் மின்வெட்டுக்கு மறுபெயர் கூலிவெட்டு.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் இப்பொழுது சோலார் ஏஜெண்டுகள் வந்து போகிறார்கள். சங்கச் சந்தா வசூலுக்காக நாம் அங்கே சென்றிருந்த பொழுது ஒரு நெசவாளத் தோழர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, மடித்து வைத்திருந்த ஒரு தாளை நம் கையில் கொடுத்தார். மூன்று கிலோவாட் சோலார் பேனல், அதற்கான இன்வெர்ட்டர், ஐந்து யூனிட் பிடிக்கும் லித்தியம் பேட்டரி. எல்லாம் சேர்ந்து மூன்று லட்சத்துக்கு மேல். மத்திய சர்க்காரின் மானியம் 78,000 ரூபாய் போக, மீதிக்கு பாங்கிக் கடன். பாங்கி இழுத்தடித்தால்? “உங்க முதலாளிகிட்ட முன்பணமா வாங்கிக்கிட்டு நெய்து கழிச்சுக்குங்க” என்று ஏஜெண்டு வழியும் சொல்லிக் கொடுத்து விட்டுப் போயிருக்கிறார்.

“தோழரே, போடலாமா வேணாமா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்றார் அவர்.

அவருடைய துணைவியார் பாவு நூலை நீவிக் கொண்டே சொன்னார்: “வேணாம்னு சொல்றது சுலபம் அண்ணே. கரண்ட் போனா மெழுகுவத்தியிலயா நெய்யறது? அதுக்கும் சேத்து பதில் சொல்லுங்க.”

நியாயமான கேள்வி. அந்த இடத்திலேயே ‘வேண்டாம்’ என்று முழங்கி விட்டு வந்திருந்தால் நமக்கு வேலை மிச்சம். அவர்களுக்கு இருட்டுத்தான் மிச்சம். தாளை வாங்கிக் கொண்டு வந்தோம். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் தோழர்களைக் கேட்டோம். இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

முதலில் பில் கணக்கு. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் இலவச மின்சாரம் என்று இருந்ததை ராஜ்ய சர்க்கார் 2023ல் 300 யூனிட்டாக உயர்த்தியது. இந்தத் தோழர் வீட்டு மின் அட்டையைப் புரட்டினால் கடுங்கோடையிலும் 260ஐத் தாண்டவில்லை. ஆகவே பில் பூஜ்யம். ஏஜெண்டின் தாளிலோ ‘மின்கட்டண மிச்சம்’ என்று ஒரு வரி, அதற்கு நேரே ஆயிரக்கணக்கில் ஒரு தொகை! பூஜ்யத்திலிருந்து எதை மிச்சம் பிடிப்பது? மூன்று கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் நாளுக்கு ஏறத்தாழ 12 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 700க்கு மேல். 260 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு, அதுவும் இலவசமாகச் செலவழிக்கும் வீட்டுக்கு, இது எதற்கு? அளவு எடுக்காமல் தைத்த சட்டை இது. தையற்காரருக்கு மட்டும் கூலி முழுசாகக் கிடைக்கும்.

அடுத்தது இருட்டுக் கணக்கு. கரண்ட் நின்றால் அந்த வீட்டுக்கு வேண்டியது 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு மூன்று, 75 வாட் விசிறி இரண்டு. மொத்தம் 210 வாட். மூன்று மணி நேரத்துக்கு 630 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு கூட இல்லை. இதற்கு ஐந்து யூனிட் பேட்டரி! கடைத்தெருவில் சாதாரணமாக விற்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியின் கொள்ளளவே 1.8 யூனிட். ஈயப் பேட்டரியை அடி வரை சுரண்டினால் ஆயுள் குறைந்து போகும் என்பதால் பாதியைத்தான் எடுக்க வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். இன்வெர்ட்டரில் வீணாவதையும் கழித்துக் கொள்வோம். அப்பொழுதும் இந்த விளக்குகளும் விசிறிகளும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். விசிறியை 30 வாட்டில் ஓடும் புது மாதிரிக்கு மாற்றினால் ஆறு மணி நேரம். அந்தப் பேட்டரியை நிரப்பக் கூரையில் பேனல் கூட வேண்டியதில்லை. இலவச 300 யூனிட்டுக்குள்ளேயே நிரம்பி விடும். (எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வைத்திருப்பவர்கள் கணக்கு வேறு. அவர்கள் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.)

ஏஜெண்டு ஓர் உண்மையைச் சொன்னார், அது சரியான உண்மைதான். பேட்டரி இல்லாமல் கூரையில் பேனலை மட்டும் மாட்டி மின்வாரியக் கம்பியோடு இணைத்தால், கரண்ட் நின்றதும் பட்டப்பகலில் கூட அந்தப் பேனல் உங்களுக்கு மின்சாரம் தராது. உச்சி வெயில் கூரையில் கொளுத்தும். கீழே விசிறி நிற்கும். பலர் பணத்தைக் கட்டி மாட்டிய பிறகே இதைத் தெரிந்து கொண்டு ‘ஏமாந்தோம்’ என்று தலையில் கை வைக்கிறார்கள். இது மோசடி அல்ல, பாதுகாப்பு. கம்பியில் கரண்ட் இல்லை என்று நம்பி லைன்மேன் போஸ்டில் ஏறியிருப்பார். அந்த நேரத்தில் ஏதோ ஒரு வீட்டுக் கூரையிலிருந்து மின்சாரம் கம்பிக்குள் பாய்ந்தால் அவர் உயிர் போகும். அதனால்தான் வாரியக் கரண்ட் நின்றதும் இன்வெர்ட்டர் தானாகத் துண்டித்துக் கொள்ள வேண்டும் என்று விதி. பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால், வீட்டைக் கம்பியிலிருந்து பிரித்து விட்டு வீட்டுக்குள் மட்டும் மின்சாரம் ஓடும். இந்த வேலையை அரைகுறை எலெக்ட்ரீஷியனிடம் விட்டு ஐநூறு ரூபாய் மிச்சம் பிடிப்பவர்கள், போஸ்டில் ஏறுகிறவரும் கூலிக்கு வேலை செய்யும் மனிதர் என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் கூரையில் சோலாரும் கீழே பெரிய பேட்டரியும் யாருக்கு லாபம்? அறைக்கு அறை ஏ.சி. ஓடும் பங்களாவுக்கு லாபம். 2024 ஜூலையில் நிர்ணயித்த கட்டணப்படி 400 யூனிட் வரை யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசு. 1,000 யூனிட்டைத் தாண்டினால் 11 ரூபாய் 80 காசு. பங்களாக்காரர் கூரையில் விளையும் ஒவ்வொரு யூனிட்டும் இந்த உச்சிப் படியிலிருந்து ஒரு யூனிட்டைக் கழிக்கிறது. நண்பகலில் அவர் கம்பிக்குள் தள்ளுகிற யூனிட்டுக்கு ஈடாக இரவு எட்டு மணிக்கு ஒரு யூனிட்டை அப்படியே திரும்ப வாங்கிக் கொள்கிறார். மின்சாரத்துக்கு எப்பொழுதும் ஒரே விலை என்பது போல இந்த ஏற்பாடு. ஆனால் நண்பகல் மின்சாரம் மலிவு, இரவு எட்டு மணி மின்சாரம் விலை உயர்வு. ஊர்ப் பணத்தில் இழுத்த கம்பியையே அவர் பேட்டரியாக வைத்துக் கொள்கிறார்.

இதைக் கேட்டு யாரும் நம்மைச் சூரியனுக்கு விரோதி என்று நினைக்க வேண்டாம். எண்ணூரில் நிலக்கரிச் சாம்பல் ஆற்றையும் மீனவர் பிழைப்பையும் என்ன செய்திருக்கிறது என்பதைப் பார்த்தவர்கள் நாம். வெயிலிலிருந்து மின்சாரம் வரட்டும், நிறைய வரட்டும். ஆனால் வெயில் ஆறு மணிக்கு இறங்கி விடுகிறது. ஊர் விளக்கேற்றுவது அதற்குப் பிறகுதான். சேமித்து வைக்காமல் சோலார் பாதி வேலைதான். சேமிக்கும் சாதனத்தை யார் வாங்குவது, யார் வைத்திருப்பது, அது கெட்டால் யார் மாற்றுவது? தகராறு இங்கேதான் இருக்கிறது.

மத்திய சர்க்கார் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது? 2024 பிப்ரவரியில் ஒரு கோடி வீடுகளுக்குக் கூரை சோலார் என்று 75,021 கோடி ரூபாயில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். எல்லாம் பேனலுக்குத்தான், பேட்டரிக்குத் தனியாகக் காசில்லை. போதாததற்கு வரி வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், பேட்டரிக்கு 18 சதவீதம். அதற்கு முன்பு ஈயப் பேட்டரிக்கு 28 சதவீதம் வாங்கிக் கொண்டிருந்தார்கள், மின்வெட்டில் தவிக்கும் ஏழை ஏதோ ஆடம்பரச் சாமான் வாங்குவது போல!

சரி, சர்க்காரிடம் பேட்டரிக்குப் பணமே இல்லையா? இருக்கிறது. 2023 செப்டம்பரில் மத்திய மந்திரிசபை 4,000 மெகாவாட்-மணி அளவுக்குப் பெரிய பேட்டரி நிலையங்கள் அமைக்க 3,760 கோடி ரூபாய் ஒதுக்கச் சம்மதித்தது. ஏலத்தில் எடுக்கும் கம்பெனிகளுக்கு மூலதனத்தில் 40 சதவீதம் வரை மானியம். அந்த நிலையங்களில் 85 சதவீதத்துக்குக் குறையாத பங்கு மின்விநியோக நிறுவனங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று நிபந்தனை இருப்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் சேமிக்கிற சாதனம் கம்பெனியின் சொத்து. வாடகை கொடுப்பது வாரியம். வாரியத்துக்குக் கொடுப்பது நாம். கம்பெனி பேட்டரிக்கு நூற்றுக்கு 40 மானியம், நெசவாளி பேட்டரிக்கு நூற்றுக்கு 18 வரி.

நீண்டகால ஒப்பந்தம் என்றாலே நமக்குக் கமுதி நினைவு வருகிறது. ராமநாதபுரம் ஜில்லா கமுதியில் அதானி கம்பெனி 648 மெகாவாட் சோலார் நிலையம் கட்டி 2016ல் ஓட்ட ஆரம்பித்தது. யூனிட் 7 ரூபாய் 1 காசு வீதம் 25 ஆண்டுக்கு வாங்கிக் கொள்ள ஒப்பந்தம். சில ஆண்டுகளிலேயே நாட்டில் சோலார் விலை 3 ரூபாய்க்கும் கீழே இறங்கி விட்டது. இறங்கிய விலையின் பலன் ஒப்பந்தக் காகிதத்துக்குள் நுழைய முடியவில்லை. பேட்டரி விலையும் அதே மாதிரி சரிந்து வருகிறது. விலை சரியும் சாமானுக்கு இன்றைய விலையில் பல ஆண்டு ஒப்பந்தம் போட்டால் யாருக்கு நஷ்டம் என்று ஒரு பலசரக்குக் கடைக்காரரும் சொல்லி விடுவார்.

ஏழை வீட்டில் சோலாரையும் பேட்டரியையும் வைக்கும் யோசனை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2011ல் ராஜ்ய சர்க்கார் சூரியசக்திப் பசுமை வீடுகள் திட்டம் அறிவித்தது. 300 சதுர அடி வீடு, ஒன்றுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய், அதில் 30,000 சோலார் விளக்குகளுக்கு. வீட்டுக்கு ஐந்து விளக்கு. நல்ல காரியம் என்றே சொல்வோம். ஆனால் ஈயப் பேட்டரி நாலைந்து வருஷத்தில் ஓய்ந்து விடும் சாமான். முதல் பேட்டரி சர்க்கார் கணக்கு. இரண்டாவது பேட்டரி யார் கணக்கு? லித்தியம் பேட்டரி பத்து வருஷம் வரும் என்கிறார்கள், வரட்டும்; பதினோராம் வருஷமும் ஒன்று இருக்கிறதல்லவா? ஓய்ந்த பேட்டரியைக் காயலான் கடையில் போட்டு, எங்கோ ஒரு கொல்லைப்புறத்தில் ஈயத்தை உருக்கி, அந்தப் புகையைக் குழந்தைகள் சுவாசிக்கிற கதை இன்னொரு பக்கம். பழைய பேட்டரியைத் தயாரிப்பாளரே திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2022ல் விதி செய்திருக்கிறார்கள். நம் ஊர்க் காயலான் கடைகளில் அந்த விதியை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

தனித்தனி வீட்டுப் பேட்டரிக்கு வேறு வழியே இல்லையா? குஜராத்தைப் பார்ப்போம். மெஹ்சானா ஜில்லாவில் மொதேரா என்று ஒரு கிராமம். பழைய சூரியன் கோவில் உள்ள ஊர். 2022 அக்டோபரில் அதை இரவும் பகலும் சூரிய மின்சாரத்தில் ஓடும் கிராமம் என்று பிரதமர் அறிவித்தார். அங்கே 1,300 வீடுகளுக்கு மேல் கூரையில் ஒரு கிலோவாட் பேனல். ஆனால் பேட்டரியை வீட்டுக்கு வீடு வைக்கவில்லை. பக்கத்தில் 6 மெகாவாட் சோலார் நிலையம், அதோடு 15 மெகாவாட்-மணி பேட்டரி, ஊருக்குப் பொதுவாக. செலவு 80 கோடி ரூபாய்க்கு மேல். மத்திய சர்க்காரும் குஜராத் சர்க்காரும் போட்டன. அந்த ஆட்சியாளர்களோடு நமக்குள்ள சண்டையை இதற்காக நாம் விட்டு விடவில்லை. ஆனால் அவர்கள் தங்கள் ராஜ்யத்தில் ஒரு கோவில் ஊருக்குப் பொதுப் பேட்டரி வைக்க முடியும் என்று காட்டி விட்டு, காஞ்சிபுரத்துக் கோவில் ஊர் நெசவாளியிடம் மட்டும் ‘உன் பேட்டரியை நீ கடன் வாங்கி வாங்கிக் கொள்’ என்றால், ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பொதுச் சேமிப்பு தமிழ்நாட்டுக்கும் தெரியாததல்ல. ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 1980களின் கடைசியில் ஓடத் தொடங்கியது. 100 மெகாவாட் இயந்திரம் நான்கு. தேவை குறைந்த நேரத்தில் மேல் ஆழியாறிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி வைப்பார்கள். ஊர் மின்சாரம் கேட்கும் நேரத்தில் இறக்கி விட்டு மின்சாரம் எடுப்பார்கள். தண்ணீரால் ஆன 400 மெகாவாட் பேட்டரி அது. வாரியத்தின் சொத்து, மக்கள் சொத்து. அதைக் கட்டிய வாரியத்துக்கு ஒரு நெசவாளர் தெருவின் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஒரு பேட்டரிப் பெட்டியை வைக்கத் தெரியாதா?

பொதுவாக வைத்தால் எல்லாம் தானாக நடந்து விடும் என்றும் நாம் சொல்லவில்லை. பீகாரில் ஜெஹானாபாத் ஜில்லா தர்ணை கிராமத்தில் 2014ல் 100 கிலோவாட் சோலார் நிலையமும் பேட்டரிகளும் வைத்து 450 வீடுகளுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். கிரீன்பீஸ் அமைப்பு முன்னின்று செய்தது. ஊராரோ திறப்பு விழாக் காலத்திலேயே ‘எங்களுக்கு நிஜக் கரண்ட் வேண்டும்’ என்று முன்னாள் முதலமைச்சர் முன்னால் கோஷம் போட்டார்கள். பிறகு வாரியக் கம்பி வந்தது, பேட்டரிகள் ஓய்ந்தன, மாற்றுவார் இல்லை, கடைசியில் அந்த இடம் மாட்டுக் கொட்டகையானது. அந்த மக்களை நாம் குறை சொல்ல மாட்டோம். பட்டணத்தானுக்குக் கம்பி, கிராமத்தானுக்குப் பெட்டி என்ற பாகுபாடு அவர்களுக்குப் புரிந்து விட்டது. பேட்டரி கம்பிக்குப் பதிலாக வரக் கூடாது, கம்பிக்குத் துணையாக வர வேண்டும். அதைப் பார்த்துக் கொள்ள நிரந்தர ஊழியர் வேண்டும். மின்வாரியத்தில் காலி இடங்களை ஆயிரக்கணக்கில் நிரப்பாமல் வைத்துக் கொண்டு பேட்டரியைப் பற்றிப் பேசுவது, தறியை வாங்கி விட்டு நெய்ய ஆள் வைக்காத கதைதான்.

கம்பியை விட்டு வசதியுள்ளவர்கள் வெளியேறினால் என்ன ஆகும் என்பதற்குப் பாகிஸ்தான் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கட்டணம் தாங்காமல் வசதியுள்ளவர்கள் கூட்டம் கூட்டமாக சோலாருக்கு மாறினார்கள். 2024ல் மட்டும் 17,000 மெகாவாட் அளவுக்குப் பேனல் இறக்குமதி. தனியார் மின் நிலையங்களுக்குக் கொடுத்தாக வேண்டிய நிலைக்கட்டணம் குறையவில்லை. அந்தச் சுமை கம்பியில் மிச்சமிருப்பவர் தலையில் ஏறியது. மிச்சமிருப்பவர் யார்? கூரை இல்லாதவர், கையில் ரொக்கம் இல்லாதவர். நம் நாட்டிலும் 2023ல் மத்திய சர்க்கார் விதியைத் திருத்தி, ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு வீடுகளுக்கும் நேரத்துக்கு ஒரு கட்டணம் என்று எழுதி வைத்திருக்கிறது. வெயில் நேரத்தில் குறைவு; உச்ச நேரத்தில் வீட்டுக்குக் குறைந்தது பத்து சதவீதம் கூடுதல். பேட்டரி உள்ள பங்களா பகலில் நிரப்பி இரவில் தப்பித்துக் கொள்ளும். இரவில்தான் விளக்குப் போட்டாக வேண்டியவன் கூடுதலைக் கட்டுவான். விதி ஒன்றுதான், அது ஆளுக்கு ஆள் வேறாகக் கடிக்கிறது.

ஆகவே நாம் கேட்பது இது. நெசவாளர் தெருக்களில் டிரான்ஸ்பார்மர் வாரியாக மின்வாரியமே பேட்டரி வைத்து, மாலையில் கரண்ட் நின்றால் தறி விளக்குகளுக்காவது கொடுக்க வேண்டும். கூட்டுறவு சங்கக் கட்டடங்களின் கூரையில் சோலார் வைத்து அதை நிரப்பலாம். அது வரும் வரை, தறி உள்ள வீட்டுக்கு ஒரு சிறிய இன்வெர்ட்டரும் பேட்டரியும் மானியத்தில் வேண்டும். ஓய்ந்ததும் மாற்றிக் கொடுக்கும் உத்தரவாதமும் அதோடு வேண்டும். சிறிய பேட்டரிக்கு ஜி.எஸ்.டி. கூடாது. ‘இலவசம் கொடுத்தே வாரியம் நஷ்டப்பட்டது’ என்று பேசுகிறவர்கள் கமுதிக் கணக்கை ஒரு முறை பார்த்து விட்டு வரட்டும்.

மறுவாரம் முசரவாக்கத்துக்குத் திரும்பிப் போனோம். ஏஜெண்டின் தாளின் பின்பக்கத்திலேயே கணக்கை எழுதிக் காட்டினோம்: 210 வாட், மூன்று மணி நேரம், ஒரு யூனிட்டுக்கும் குறைவு. முதலாளியிடம் முன்பணம் வாங்கினால் எத்தனை சேலை நெய்து கழிக்க வேண்டும் என்பதை நாம் எழுதவில்லை. தோழரே எழுதிக் கொண்டார், நெடுநேரம் அதையே பார்த்துக் கொண்டிருந்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கூலிப் பணத்தில் ஒரு சிறிய இன்வெர்ட்டர், அதுவும் தீபாவளி உருப்படிகள் முடிந்த பிறகு என்று முடிவாயிற்று.

“அது வரைக்கும்?” என்றார் அந்த அம்மாள்.

அது வரைக்கும் என்பதற்கு நம்மிடம் முழுப் பதில் இல்லை என்பதை ஒப்புக் கொண்டோம். மின்வாரிய அலுவலகத்துக்கு மனு எழுதலாம் என்றோம். “எழுதுங்க, எங்க தெருவில பதினேழு தறி இருக்கு, பதினேழு கையெழுத்தும் நான் வாங்கித் தரேன்” என்று சொல்லி விட்டு அவர் பாவுக்குத் திரும்பினார். நாம் கிளம்பும் பொழுது கையெழுத்து ஒன்பது சேர்ந்திருந்தது.